தையோ வாளி

சவரிமுத்துவுக்கு நாற்பத்தாறு வயது. கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். பகுதிநேர ஆராய்ச்சிக்காகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அவருக்கு வாய்த்த வழிகாட்டி மெஹருன்னிசா, அவரைவிட எட்டு வயது இளையவர். அவர் இவரைச் சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். யார் குரு, யார் சீடன் என்பதில் மட்டும் அந்த ஆய்வகத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அங்கே ஈஸ்ட் வளர்த்தார்கள். ரொட்டியை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட்தான். அதன் டிஎன்ஏவை ஒரு மருந்தால் வேண்டுமென்றே கெடுத்து, என்ன மாறுகிறது என்று பார்ப்பது வேலை. மருந்து பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஈஸ்டைக் கெடுப்பது மனுஷனை மட்டும் சும்மா விடுமா? அதனால் மருந்து பட்ட எதையும், அதை முறிக்கிற தையோசல்பேட் கரைசலில்தான் போட வேண்டும். அந்த வாளிக்குத் தையோ வாளி என்று பெயர். அது மேடத்தின் மேசையை ஒட்டி இருந்தது.

அன்று மத்தியானம் சவரிமுத்துவின் கை பட்டு மருந்துக் குப்பி சாய்ந்தது. நாலைந்து சொட்டுதான். டிஷ்யூவால் துடைத்துவிட்டார். ஆனால் அந்த ஈர டிஷ்யூவோடு மேடம் முன்னால் போய் நிற்பதா? இதைவிடச் சின்னத் தப்புக்குத் தன் கல்லூரியில் ஒரு மாணவனை வகுப்பில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியவர் அவர். சுற்றுமுற்றும் பார்த்தார். ஸிங்குக்கு அடியில் இருந்த சாதாரணக் குப்பைக்கூடையில் போட்டு, மேலே இரண்டு காகிதத்தைக் கசக்கிப் போட்டு மூடினார். கையுறையையும் அதிலேயே திணித்தார்.

கையைக் கழுவினார். மறுபடி கழுவினார். கொஞ்ச நேரம் கழித்து மேடத்தின் மேசைக்குப் போனார்.

"மேடம், மருந்து பட்ட உடனே செல் மாறிப் போயிடுமா?"

மெஹருன்னிசா குளிர்பெட்டியிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்து வந்து வெளிச்சத்தில் வைத்தார். இரண்டிலும் ஈஸ்ட் வெள்ளை வெள்ளையாகத் திரண்டிருந்தது. ஒன்றில் நடுநடுவே சிவப்புப் புள்ளிகள். இன்னொன்றில் சிவப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"சிவப்பெல்லாம் மாறிப்போனது. எதுக்கு மருந்து ஜாஸ்தி, சொல்லுங்க."

"சிவப்பு நிறைய இருக்கிறதுக்கு."

"ரெண்டுக்கும் ஒரே அளவு. இந்தச் சிவப்புத் தட்டுக்கு உடனே சாப்பாடு கொடுத்தேன், பெருக ஆரம்பிச்சிருச்சு. அதை முதல்ல வெறும் தண்ணியில நிறுத்தி வெச்சேன், பெருக விடல."

"அதுல இவ்வளவு வித்தியாசமா?"

"மருந்து டிஎன்ஏல ஒரு எழுத்து மேல போய் ஒட்டிக்கும். அது அடி. மாற்றம் இல்ல. ஒட்டினதை எடுத்துப் போட செல்லுக்குள்ளயே ஆள் இருக்கு."

"அதுக்குள்ள நகல் எடுத்துட்டா?"

"தப்பான எழுத்து வந்து எதிர்ல உக்காந்துரும். அடுத்த நகல்ல அந்தத் தப்புக்குப் பொருத்தமா ஒரு ஜோடியும் வந்துரும். அப்புறம் ரிப்பேர் பாக்கிற ஆளுக்கே எது தப்புன்னு தெரியாது."

சவரிமுத்து தன் விரல்களைப் பார்த்தார். "எல்லா செல்லும் அப்படியா?"

"அடிபட்டா பெரும்பாலும் நின்னுடும். நிக்காம ஓடுறதும் உண்டு."

"அதுக்கு என்ன ஆகும் மேடம்?"

"அப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. நல்லாத்தான் இருக்கும்."

வராந்தாவில் சக்கரம் கிறீச்சிட்டது. துப்புரவு வேலை செய்கிற பாண்டியம்மாள் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்கு வந்துவிட்டாள். இரண்டு அறைக் குப்பையை ஒரே பையில் அடைக்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் கூடைக்குள் வெறுங்கையை விட்டு அமுக்கி அமுக்கித்தான் அள்ளுவாள். தினமும் பார்க்கிறதுதான். இன்றைக்குத்தான் அது அவர் நெஞ்சில் வந்து இடித்தது. இவ்வளவு நேரமும் தன் கையைப் பற்றி மட்டுமே பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

சொன்னால் மானம் போகும். ஆராய்ச்சியே போனாலும் போகும். பாண்டியம்மாள் உள்ளே வந்து, ஸிங்குக்கு அருகே குனிந்து, கூடையை இழுத்தாள்.

"பாண்டியம்மா, அதைத் தொடாதீங்க."

குரல் அவருடையது மாதிரியே இல்லை. பாண்டியம்மாள் நீட்டிய கையை அப்படியே நிறுத்தினாள்.

"ஏன் சார், எலி கிலி கிடக்கா?"

"மருந்து. நான்தான் போட்டேன்."

மெஹருன்னிசா எழுந்துவிட்டார். அவர் முகமும் வெளுத்துப் போயிருந்தது. "கை உள்ள போச்சா பாண்டியம்மா?"

"இன்னும் இல்லம்மா."

அவளை வெளியே அனுப்பிவிட்டு, மெஹருன்னிசா புதுக் கையுறை மாட்டிக்கொண்டார். கூடையில் இருந்ததையெல்லாம் இடுக்கியால் எடுத்து வாளிக்குள் அமிழ்த்தினார். மருந்து சிந்திய மேசையையும் அந்தக் கரைசலாலேயே துடைத்தார். சவரிமுத்துவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டு வரும் என்று அவர் காத்திருந்தார்.

"வாளி பத்தடியில இருக்கே சார். ஏன் அதுல போடல?"

சவரிமுத்து வாளியைப் பார்த்தார்.

"அது உங்க மேசைக்குப் பக்கத்துல இருக்கு, மேடம்."

மெஹருன்னிசா மூடியை இறுக்கி, வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போய், சவரிமுத்து வேலை செய்கிற மேசையருகே இறக்கி வைத்தார்.

"இனிமே இது இங்கேயே இருக்கட்டும்."