நூறு பெரிதா, ஆயிரம் பெரிதா?

ரொம்பக் காலத்துக்கு முந்தி, குன்றநாட்டை மகிழ்கோ என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மனசுக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதையே நாட்டுக்குச் சட்டமாக்கிவிடுவான்.

அரண்மனை ஓலைகளைக் கவனித்தவள் தத்தை. கலைந்து கிடந்தவற்றை அவள் அகரவரிசையில் அடுக்கினாள். முதல் எழுத்தைப் பார்ப்பாள்; அது ஒன்றாயிருந்தால் இரண்டாவது, அதுவும் ஒன்றென்றால் மூன்றாவது. கேட்ட ஓலை கண் இமைக்குமுன் கைக்கு வரவே, ராஜா சொக்கிப்போனான்.

"இனி எதை எதோடு ஒப்பிட்டாலும் இப்படித்தான். வரிசையில் முன்னால் வருவது சிறிது, பின்னால் வருவது பெரிது" என்று பறையறைவித்தான்.

அந்தச் சமயம் பக்கத்து நாட்டு அரசன் எல்லையில் படையோடு வந்து இறங்கினான். சமாதானம் பேசலாம் என்றார்கள் மந்திரிகள். தத்தைக்குக் கிடைத்த பாராட்டைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்த தளபதி வல்லையன், அவள் முறையை வைத்தே நல்ல பெயர் வாங்க எழுந்தான்.

"அரசே, அவனிடம் ஆயிரம் குதிரை, நம்மிடம் நூறு. 'ஆ' முன்னால் வருகிறது, 'நூ' பின்னால் வருகிறது. தங்கள் சட்டப்படி நம் படைதான் பெரிது. போர் ஓலை எழுதச் சொல்லுங்கள்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அந்த நூறு குதிரை வீரர்களில் தத்தையின் அண்ணனும் ஒருவன். சட்டம் தப்பென்று நேரே சொன்னால் ராஜா முரண்டுபிடிப்பான்.

"எழுதுகிறேன், அரசே. முதலில் தளபதிக்கு ஒரு பரிசு தாருங்கள். அவர் மாளிகைக்கு நாற்பது காவலர். 'நா'வுக்குப் பின்னால் வருவது 'ப'. அதைப் பத்தாக உயர்த்தலாமே" என்றாள் தத்தை.

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

வல்லையன் முகம் வெளுத்தது. "பத்துப் பேர் எப்படிப் போதும், அரசே?"

"பத்துதானே பெரிது? இப்போதுதான் நீங்களே கணக்குச் சொன்னீர்கள்" என்றாள் தத்தை.

"பெயர் பெரிதாயிருந்து என்ன செய்ய? திருடன் வந்தால் ஆளையல்லவா எண்ணுவான்" என்று கொட்டிவிட்டான் தளபதி.

"பகைவனும் அப்படித்தான் எண்ணுவான், அரசே" என்றாள் தத்தை நிதானமாக. "ஓலையைத் தேட எழுத்து போதும். ஆளை எண்ணித்தான் பார்க்க வேண்டும்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். தத்தையை மந்திரியாக்கினான். எண்ணிக்கையைத் தொட்ட சட்டத்தை அன்றே நீக்கினான். சமாதான ஓலையை வல்லையன் கையிலேயே கொடுத்தனுப்பினான்.

ஐந்தாம் நாள் உடன்படிக்கையோடு திரும்பிய வல்லையன், நேரே தத்தையிடம் வந்து தலை குனிந்து நின்றான்.

"அவன் குதிரைகளை எண்ணிப் பார்த்தேன், அம்மா. ஆயிரத்து இருநூறு."