பெயர்ப்பலகையைத் தாங்கிய நாலு குழாய்கள்

பீளமேட்டில் மில் முதலாளி தனக்கோட்டி தானே படம் வரைந்து, வீட்டு ஷெட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டினார். பின்னால் நாலு குழாய் நட்டு, அதன்மேல் தன் பெயர் பொறித்த இரும்புப் பலகையை ஏற்றியும் வைத்தார். வெல்டிங் வைத்தவள் அஞ்சுகம். ஷெட்டில் அவள் ஒருத்திதான் பெண். எல்லாரும் டீக்குப் போவார்கள். அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

முன்பக்கம் ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கினால் மறு மூலை தரையிலேயே கிடந்தது. காரின் குழாய்ச் சட்டமான சேஸிஸ் ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டது.

"பொம்பள வெல்டிங், கோணத்தானே செய்யும்?" என்றார் முதலாளி. கோடு போட்டவர் அவர். பழி மட்டும் வெல்டிங்குக்காம்!

"எல்லாம் கட்டம் கட்டமா இருக்குதுங்க சார். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு குழாய்கூட இல்லீங்க."

"என் படத்துக்கே குத்தமா? நாளைக்கு கார் கிளப்காரங்க பார்க்க வர்றாங்க. புதுக் குழாய் ஒண்ணு வரக்கூடாது, ஒரு கிராம் ஏறக்கூடாது. அப்பவும் கோணுச்சுன்னா நீ வேலைக்கு வராதே."

மறுநாள் கிளப்காரர்கள் முன்னால் ஜாக்கி ஏறியது. இரண்டு மூலையும் ஒன்றாக எழுந்தன. எடை போட்டால் ஆறு கிலோ குறைவு.

"என் டிசைனாக்கும்!" என்று பின்பக்கம் போனவர் திகைத்தார். "என் பேர் எங்கம்மா?"

"அதைத் தாங்கின நாலு குழாயத்தான் குறுக்கே வெச்சேனுங்க. உங்க பேரை இறக்குன பின்னாடிதான் வண்டி நிமிர்ந்துச்சுங்க."

கிளப்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் டீக்குப் போனார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

அஞ்சுகம் கழற்றி வைத்திருந்த பெயர்ப்பலகையைக் கவிழ்த்துப் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்து, தனியாக டிபன் டப்பாவைத் திறந்தாள்.