வண்டி நிறைய அபராதம்

மூங்கில் காட்டில் ஒரு கீரி இருந்தது. எதையும் சட்டென்று நம்பிவிடுகிற பழக்கம் அதற்கு இல்லை. அதனாலேயே யானை மன்னர் அதை ரயில்பாதைச் சோதனை அதிகாரியாக வைத்திருந்தார்.

அப்போது காட்டுக் குட்டை வற்றிக் கிடந்தது. தண்ணீர் குடிக்க மலைக்கு அப்பால் உள்ள ஆற்றுக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஒரே வழி கழுதைப்புலி நடத்திய ரயில். நடுவில் ஒரு பெரும்பள்ளம், அதன்மேல் பாலம். கீரியின் மூன்று குட்டிகளும் தினமும் அந்தப் பாலத்தில்தான் போய்வந்தன.

மாதம் ஒருமுறை கீரி பாலத்துத் திருகாணிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும். இறுகியிருந்தால் ‘டங்’. தளர்ந்திருந்தால் ‘டொக்’. அந்த மாதம் ஏழு இடத்தில் ‘டொக்’ என்றது.

“விதியை மீறிட்டீங்க! அபராதம் மூணு பலாப்பழம்!” என்றது கீரி, கறாராக.

கழுதைப்புலிக்குக் கோபமே வரவில்லை. “சட்டம்னா சட்டம்தானே சார்! இந்தாங்க!” என்று சிரித்தபடி பழங்களை உருட்டிவிட்டது.

கீரிக்கு உறுத்தியது. அபராதம் கட்டுகிற எவனாவது இப்படி வாயெல்லாம் பல்லாக நிற்பானா?

அடுத்த மாதம் பன்னிரண்டு ‘டொக்’. சட்டப்படி அப்போதும் அதே மூன்று பழம்தான், அதே இளிப்பு. அதற்கடுத்த மாதம் கீரி சுத்தியலை எடுக்கும் முன்பே ஒரு வண்டி வந்து நின்றது. வண்டி நிறையப் பலாப்பழம்!

“என்ன இது?”

“வருஷம் பூராவுக்கும் அபராதம் சார். மொத்தமாக் கட்டிடறேன். நீங்க எதுக்கு வெயில்ல அலையணும்?”

இன்னும் செய்யாத தப்புக்கு இப்போதே அபராதமா! கீரிக்கு மயிர் சிலிர்த்தது. நேரே பெருச்சாளியின் வளைக்குப் போனது. பாலத்து ஆணிகளை முடுக்குவது பெருச்சாளியின் வேலை.

“ஏம்ப்பா, உன்னைப் பாலத்துப் பக்கமே காணோம்?”

“வேலையை விட்டுத் தூக்கி மூணு மாசமாச்சுங்க! எனக்குச் சம்பளம் மாசம் பத்துப் பழம். ‘அபராதமே மூணு பழம்தான், அப்புறம் நீ எதுக்கு?’ன்னு முதலாளி அனுப்பிட்டாருங்க!”

காலையில் ஆற்றுக்குப் போன குட்டிகள் மாலை ரயிலில் அல்லவா திரும்ப வேண்டும்! கீரி விழுந்தடித்துக்கொண்டு மன்னரிடம் ஓடியது. நடந்ததையெல்லாம் மூச்சிரைக்கச் சொன்னது.

யானை கழுதைப்புலியை வரவழைத்தது. “இனிமேல் பழம் வேண்டாம். ஓர் ஆணி தளர்ந்திருந்தாலும் ரயில் நகரக் கூடாது! ரயில் நிற்கிற நாளெல்லாம் ஆற்றுத் தண்ணீரை நீயே சுமந்துவந்து எல்லாருக்கும் ஊற்ற வேண்டும்!”

கழுதைப்புலியின் சிரிப்பு முதல் முறையாக மறைந்தது. “எல்லாருக்கும்னா... யானைங்களுக்குமா?”

“எங்களுக்கும்தான்!”

அடுத்த நொடி கழுதைப்புலி பெருச்சாளியின் வளை வாசலில் நின்றது. “அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க! பன்னிரண்டு பழம் தரேன், உடனே வாங்க!”

பொழுது சாய்வதற்குள் எல்லா ஆணியும் இறுகிவிட்டது. கீரி அப்போதும் நம்பவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் கொடியை அசைத்தது. ரயில் பாலத்தைத் தாண்டி வந்தது. மூன்று குட்டிகளும் குதித்து இறங்கியதைப் பார்த்த பிறகே அதற்கு உயிர் வந்தது.

தப்பைத் திருத்துவதைவிட அபராதம் கட்டுவது மலிவாக இருந்தால், தப்பு ஒருநாளும் நிற்காது.