மதகுச் சுவரில் மூன்றடி

“விலங்கியல் துறை அளவு தப்பு, மேடம்,” என்றார் தனக்கோடி.

பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, பல்கலைக்கழகத்தின் சிவில் பொறியியல் துறையில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அவருடைய நெறியாளர் பேராசிரியர் ரஹிமா அவரைவிட வயதில் இளையவர்.

“எப்படித் தப்பு, சார்?”

“ஏரித் தண்ணி கரை உச்சிக்குக் கிட்ட வந்துடுச்சு. நானே அளந்தேன். ஜெபமணி என்னடான்னா, ஆழம் குறைஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்காங்க. தண்ணி ஏறினா ஆழம் குறையுமா?”

ரஹிமா கார் சாவியை எடுத்தார்.

கடலில் புயல் நிலைகொண்டிருந்தது. ஏரி தாங்குமா என்று மாலைக்குள் தாசில்தாருக்குப் பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும். தாங்காது என்றால், கரைக்குக் கீழே உள்ள தெருவைக் காலி செய்வார்கள்.

பழைய வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, ‘தாங்கும்’ என்று தனக்கோடி எழுதி முடித்திருந்தார். அனுப்பவில்லை.

ஏரியில் ஜெபமணி மீன் வலையை உதறிக்கொண்டிருந்தார். விலங்கியல் ஆய்வாளர்.

ரஹிமா இருவரையும் மதகுச் சுவருக்கு அழைத்துப் போனார்.

“சார், உச்சியிலிருந்து தண்ணி வரைக்கும் அளங்க. ஜெபமணி, தண்ணியிலிருந்து தரை வரைக்கும்.”

அளந்தார்கள்.

“ரெண்டையும் கூட்டுங்க.”

“பதினோரு அடி,” என்றார் தனக்கோடி.

“வரைபடத்துல?”

தனக்கோடி வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார்.

“பதினாலு.”

ஜெபமணி கோலைத் தண்ணீருக்குள் நிறுத்தி, இரு கைகளாலும் அழுத்தினார். கோல் இறங்கியது. மூன்றடி போய் நின்றது.

“சேறு, சார். மேல மலையில மரம் போனதும் மண்ணெல்லாம் இங்கதான் வருது. கெண்டை போய், சேத்துல வாழுற கெளுத்தி வந்து ரெண்டு வருஷமாச்சு.”

“ஏம்மா சொல்லலை?”

“எங்க துறைக் கூட்டத்துல சொன்னேன், சார். நீங்க வரலை.”

“என்னை யாரு கூப்பிட்டா?”

“உங்க கூட்டத்துக்கு மட்டும் எங்களைக் கூப்பிட்டீங்களா?”

ரஹிமா சிரித்தார். தனக்கோடி சிரிக்கவில்லை. கரைமேலேயே உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டார். ஜெபமணி பக்கத்தில் நின்று, சேற்றின் அளவை இடம் இடமாகச் சொன்னார்.

கணக்கு முடிந்ததும் தனக்கோடி தாசில்தாரைப் போனில் கூப்பிட்டார்.

“தெருவைக் காலி பண்ணுங்க, சார். இப்பவே.”

“உறுதியா?”

“உறுதி.”

“ஃபைல்ல எழுதணும். எந்தத் துறையோட கணக்கு இது? சிவிலா?”

தனக்கோடி பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தார். அவர் குனிந்து கோலிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தனக்கோடி எழுந்து நின்றார்.

“ஒரு துறையால போட முடியிற கணக்கு இல்ல, சார் இது. பல்கலைக்கழகம்னு எழுதிக்குங்க.”