முப்பது கூட்டுக்கு ஒரே குரல்

ஏரிக்கரையில் ஒரு கருவேலமரம். அதில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. அந்த வருஷம் நல்ல மழை. சுற்றிலும் நெல் விளைந்து கிடந்தது. ஒரு குருவிக்குக்கூடப் பசி கிடையாது.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் ஒரு குருவி, "ஆள் இருக்கா?" என்று கத்தும். ஒவ்வொரு கூட்டிலிருந்தும், "இருக்கேன்!" என்று பதில் வர வேண்டும். பதில் வராத கூட்டை எல்லாரும் பறந்து போய்ப் பார்ப்பார்கள்.

மஞ்சத்தலையன் என்று ஒரு குருவி. கெட்டிக்காரன். தண்ணீர் மேல் நீண்டிருந்த பெரிய கொப்பு முழுவதையும் வளைத்துப் போட்டுவிட்டான். முப்பது கூடு கட்டினான். குடியிருந்தது ஒன்றில்தான். மற்றவர்கள் கரைப்பக்கத்து ஒல்லிக் கொப்பில் நெருக்கியடித்துத் தொங்கினார்கள். காற்றடித்தால் கூட்டோடு கூடு முட்டும்.

பூவாத்தா என்ற குருவி மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை.

"அண்ணே, இங்க இடிபட்டுச் சாகுறோம். சும்மா தொங்குற கூட்டுல நாலு குடும்பம் வந்து இருக்கட்டுமே!"

"ஏன் தாயி, உங்களுக்குக் கூடு இல்லையா?"

"இருக்கு."

"வயித்துக்கு இல்லையா?"

"அதுவும் இருக்கு."

"பிறகென்ன? எனக்கு முப்பது இருந்தா உன் கூட்டுல ஓட்டை விழுந்துருமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பூவாத்தாவின் புருஷனே, "அவர் நியாயத்தைத்தானே பேசுறாரு! உனக்கு வயித்தெரிச்சல்" என்றான்.

மஞ்சத்தலையன் முதலில் தினமும் முப்பது தடவை "இருக்கேன்" சொன்னான். வாய் வலித்தது. பிறகு, "முப்பதுக்கும் சேர்த்து, இருக்கேன்!" என்று ஒரே கத்தாகக் கத்திவிட்டுத் தூங்கப் போனான்.

ஒருநாள் கொம்பேறிமூக்கன் பாம்பு மரமேறி வந்தது. காலிக் கூடு ஒன்றில் சுருண்டு படுத்தது.

"ஆள் இருக்கா?"

"முப்பதுக்கும் சேர்த்து, இருக்கேன்!"

பாம்புக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மறுநாள் எல்லாரும் நெல்லுக்குப் போய்த் திரும்பினால், பூவாத்தாவுக்குப் பக்கத்துக் கூட்டிலிருந்த செல்லாயி என்ற குருவியின் குஞ்சுகளைக் காணோம். அணில்மேல் சந்தேகம். பாவம், அதைக் கொத்தி விரட்டினார்கள். அடுத்த நாள் இன்னொரு கூடு காலி. ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுச் சண்டை. பூவாத்தா கூட்டைவிட்டு நகரவில்லை. வாசலுக்கு வருவாள், எட்டிப் பார்ப்பாள், உள்ளே ஓடுவாள். ஊரெல்லாம் நெல் கிடக்க, அவள் பட்டினி கிடந்தாள்.

அன்று சாயங்காலம் அவளே கத்தினாள். "ஆள் இருக்கா?"

"முப்பதுக்கும் சேர்த்து, இருக்கேன்!"

"அப்படி வேண்டாம் அண்ணே! ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் போய்ச் சொல்லு!"

"இதென்ன ரோதனை! காலிக் கூட்டுல யாரு இருக்கப் போறா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். யாரு இருக்கா?"

அன்று சிரித்தவர்கள் எல்லாரும் பெரிய கொப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சத்தலையன் முறைத்துக்கொண்டே முதல் கூட்டில் நுழைந்தான். "இருக்கேன்!" அடுத்தது. "இருக்கேன்!" எட்டாவது கூட்டில் தலையை விட்டவன், "ஐயோ!" என்று அலறித் திரும்பினான். பாம்பு பாய்ந்து அவன் வாலைக் கவ்வியது.

மரமே கிளம்பி வந்து கொத்தியது. பாம்பு தொப்பென்று ஏரியில் விழுந்தது. மஞ்சத்தலையன் தப்பித்தான். வால் மட்டும் பாம்போடு போயிற்று.

"இங்க தனியா இருக்கப் பயமா இருக்கு. யாராவது வந்து குடியிருங்களேன்!" என்று கெஞ்சினான்.

"ஏன் அண்ணே, உனக்குக் கூடு இல்லையா?" என்றாள் பூவாத்தா.

குஞ்சுகளைப் பறிகொடுத்த செல்லாயி போய், பாம்பு இருந்த அந்த எட்டாவது கூட்டில் உட்கார்ந்தாள். "இருக்கேன்" என்றாள். பூவாத்தாவுக்கு அப்போதுதான் பசித்தது.

எல்லார் வயிறும் நிறைந்துவிட்டால் மட்டும் போதாது பிள்ளைகளே, ஒருத்தன் தேவைக்கு மேல் வளைத்துப் போட்ட இடத்தில்தான் ஊருக்கே ஆபத்து வந்து குடியேறும்.