கோழி விரட்டும் ஒலிகள்

“டார் என் கோழிகளையெல்லாம் தின்னுடுச்சு” என்றார் அருளப்பன்.

யாஸ்மின் நிமிரவில்லை. கணினி மையத்தின் தரையில் உட்கார்ந்து பழைய கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டி.

அவளுக்கு முப்பது வயது. மொழியியல் பேராசிரியர் அருளப்பனுக்கு ஐம்பத்தெட்டு. ஆறு வாரமாக அவளிடம் லினக்ஸ் கற்கிறார். கடைசிப் பாடம், பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் ‘டார்’ என்கிற கட்டளை.

“எத்தன கோழி, சார்?”

“எழுபத்திரண்டு ஊரு. கோழிய விரட்ட எந்த ஊர்ல என்ன சத்தம் குடுக்கிறாங்கன்னு பதினோரு வருஷமாப் பதிவு பண்ணினது. வேற பிரதி கிடையாது.”

“என்ன அடிச்சீங்க?”

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்தார். டார். ஒரு சின்னக் கோடு. சி, எஃப், வி. பிறகு கோழி.டார். பிறகு கோழி என்கிற ஃபோல்டர்.

“நான் சொன்னது சி, வி, எஃப்.”

“அதே மூணு எழுத்துதானேம்மா. உப்ப முன்னாடி போட்டா என்ன, புளிய முன்னாடி போட்டா என்ன?”

“சி எதுக்கு?”

“புதுசா ஒரு பொட்டலம் கட்டு.”

“வி?”

“உள்ள வைக்கிறத ஒவ்வொண்ணா சொல்லிட்டே போடு.”

“எஃப்?”

“பொட்டலத்துக்குப் பேரு. அடுத்து வர்றதுதான் பேரு.”

“கட்டும்போது சொல்லிட்டே போட்டுச்சா?”

“வாயே திறக்கல. கோழி.டார்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு மட்டும் சொல்லிச்சு. இனிமேதானே உண்டாகப்போகுது, இப்ப எப்படி இருக்கும்னு விட்டுட்டேன்.”

“அப்புறம்?”

“மூலத்த அழிச்சேன். அதான் பொட்டலம் கட்டியாச்சேன்னு.”

“இப்ப அங்க என்ன இருக்கு?”

“என்ன இருக்கு, வி-ன்னு ஏதோ ஒரு குப்பை ஃபைல். அத அழிக்கவும் கட்டளை அடிச்சு வச்சிருக்கேன். என்டர் தட்டுறதுக்கு முன்னாடி உங்களத் திட்டிட்டு வந்துடலாம்னு வந்தேன்.”

யாஸ்மினின் கை நின்றது. பிறகு கேபிளின் நுனியை முடிந்தாள். மார்க்கரை அவரிடம் நீட்டினாள்.

“சார், நான் ‘பேரு’ன்னு சொன்னதும் அடுத்து என்ன வருதோ, அத இந்தப் பெட்டி மேல எழுதுங்க. யோசிக்கக் கூடாது.”

“யோசிக்காமத்தான் மூணு புத்தகம் எழுதியிருக்கேன்.”

“பேரு.”

அவர் குனிந்தார்.

“சொல்லிட்டே போடு.”

நல்ல கையெழுத்தில் எழுதினார்: சொல்லிட்டே போடு.

“பழைய கேபிள்.”

“இத எங்க எழுத?”

அவள் சுருட்டிய கேபிள்கள் எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

“சார், ‘பழைய கேபிள்’னு எழுதின பெட்டி எங்க?”

“இல்லையே.”

“கேபிள் எங்க?”

அருளப்பன் பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் தன் கையெழுத்தைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். எஃப்-ஐத் தொட்டுவிட்டு, விரலை ஓர் எழுத்து வலப்பக்கம் நகர்த்தினார்.

மார்க்கரை மூடவில்லை. வாசலில் விட்டிருந்த செருப்பையும் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு மாடி ஏறித் தன் அறைக்கு வந்தார்.

திரையில் வி-யை அழிக்கச் சொல்லும் அந்த வரி அப்படியே இருந்தது. அதன் முடிவில் கர்சர் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

நாற்காலியில் உட்காராமல், மூச்சு வாங்க நின்றபடியே, ஒற்றை விரலால் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.