இருபத்தேழாம் படி

பாறைக்குளத்து மடத்தில் துறவியான அம்மாவின் அறையில் மூன்று பொருள்கள் இருந்தன. ஒரு பாய், ஒரு சொம்பு, ஒரு மாற்றுப் புடவை. மற்றவை எல்லாம் உக்கிராணத்தில் இருந்தன.

உக்கிராணம் என்பது மடத்துப் பண்டங்களை வைக்கும் அறை. அதைப் பார்த்துக்கொண்டவர் சட்டநாதர். வயது அறுபத்தெட்டு. அம்மாவுக்கு நாற்பத்து நான்கு. வயதில் மகளாக வேண்டியவரை அவர் பன்னிரண்டு வருடமாக அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

பண்டிகைக்குப் பண்டிகை ஜனங்கள் எதையாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இரண்டு கையாலும் வாங்குவார். கண்ணில் ஒற்றிக்கொள்வார். பொழுது சாயும்போது அது உக்கிராணத்துக்கு வந்துவிடும்.

சால்வை இருநூற்றுப் பதினான்கு. குத்துவிளக்கு எண்பத்தொன்று. சுவர்க் கடிகாரம் பத்தொன்பது, ஒன்றும் ஓடவில்லை. சட்டநாதர் அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் அவர் எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை.

போன தீபாவளிக்கு அவரும் ஒன்று கொடுத்தார். அம்மாவுக்கு இடது முழங்கால் சரியாக மடங்காது. உட்கார வசதியாக இருக்கட்டும் என்று பலாப்பலகையில் ஒரு மணை செய்வித்தார். அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று மாலையே அது சட்டநாதரிடம் வந்தது. அவரே தூக்கிக்கொண்டு போய் அடுக்கினார். மணை, முப்பத்தொன்று.

சமையற்கட்டிலிருந்து சொர்ணத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா, உம்ம மணைக்கும் உக்கிராணந்தானா? நான் உமக்குச் சலுகை உண்டுன்னு நெனச்சேன்."

அன்று சட்டநாதர் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்கழியில் அவருக்குக் கண் மங்கியது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் புகையாகத் தெரிந்தது. திருப்பூரிலிருந்த மகள் ஆள் அனுப்பினாள். பொங்கல் முடிந்து இரண்டாம் நாள் அவர் மடத்தை விட்டுப் போவதென்று முடிவாயிற்று.

போகிக்கு முந்தின நாள் அவர் அம்மாவின் அறை வாசலில் வந்து நின்றார்.

"சொல்லுங்க, உக்கிராணத்தாரே."

"நான் போகப்போறேன் அம்மா. போறதுக்கு முன்னாடி பொங்கலுக்கு உங்களுக்கு ஏதாவது கொடுக்கணும். ஆனா அது உக்கிராணத்துக்குப் போகக்கூடாது. உங்ககிட்டயே இருக்கணும். அப்படி என்ன இருக்கு?"

அம்மா யோசிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில குளத்துக்கு நீங்க குடம் தூக்கிட்டு வாங்க."

"நான் கேட்டது..."

"பெரிய குடம் வேண்டாம். சின்னது போதும்."

குளத்துக்கு இறங்க அறுபத்து மூன்று படிகள். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் இறங்கும் அகலம்தான். விடியற்காலையில் அம்மா இறங்குவார். குடம் தூக்குகிறவர் மரியாதைக்காக ஏழு படி தள்ளி வருவார். இருபத்தேழாம் படியில் அம்மா நிற்பார். உதடு அசையும். பிறகு இறங்குவார்.

ஒருநாள்கூட அவர் அங்கே நிற்காமல் போனதில்லை. அதனால் அந்தப் படிக்கு ஜனங்கள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். ஓரத்தில் பூ வைத்து வேண்டிக்கொண்டார்கள். அம்மா ஜபம் செய்யும் கல் அது என்பதால் வேறு யாரும் அதை மிதிப்பதில்லை. இருபத்தாறிலிருந்து ஒரே எட்டாக இருபத்தெட்டுக்குப் போவார்கள். பொங்கலன்று அந்தப் படிக்கு வெள்ளிக் கவசம் சாத்தப்போவதாக அரிசி ஆலை மாசிலாமணி சொல்லியிருந்தார்.

போகியன்று விடியலில் சட்டநாதர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, தள்ளி வந்தா எனக்குப் படி தெரியாது. பக்கத்துலயே வரட்டுமா?"

"வாங்க."

ஒரு படி பின்னால் அவர் இறங்கினார். தலை நிமிர்ந்தால் எதுவும் தெரியவில்லை. குனிந்தால் அம்மாவின் குதிகால் தெரிந்தது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்தைந்து. இருபத்தாறு.

அம்மாவின் இடது கால் விரல்கள் முதலில் இறங்கின. கல்லைக் கவ்விப் பிடித்தன. குதிகால் அந்தரத்தில் நின்றது.

டொக்.

சின்னச் சத்தம். ஏழு படி தள்ளி இருந்தால் கேட்டிருக்காது. பிறகு குதிகால் மெல்ல இறங்கியது. அம்மா மூச்சை விட்டார். மந்திரம் எதுவும் கேட்கவில்லை. பல்லைக் கடித்து விட்ட மூச்சு மட்டும்தான்.

சட்டநாதர் குனிந்து அந்தக் கல்லை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் மடம் முழுவதும் வெள்ளையடிப்பும் கழுவலுமாக இருந்தது. அவர் தனியாகப் படிக்கு வந்தார். பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆனால் கல்லின் மேல் கால் வைக்க அவரால் முடியவில்லை. அம்மாவின் பாதம் படும் இடம். உட்கார்ந்து கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கையாலேயே அழுத்தினார். கல் கட்டை விரல் அளவு ஆடியது.

உடைந்த கருங்கல் சில்லுகள் பொறுக்கி வந்தார். முதல் சில்லு உள்ளே போய் விழுந்தது. இரண்டாவது பெரிதாக இருந்தது, கல்லைத் தூக்கிவிட்டது. மூன்றாவதை ஒரு பக்கம் தேய்த்துத் தேய்த்துச் செருகினார். குளத்து மணலை அள்ளி வந்து இடுக்கில் இட்டுக் குச்சியால் குத்தினார்.

கையால் அழுத்தினால் ஆடவில்லை. ஆனால் கை கால் ஆகாது.

சட்டநாதர் எழுந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். இடது காலைத் தூக்கி இருபத்தேழாம் படியில் வைத்தார். விரல் முதலில், குதிகால் பிறகு. ஒரு தடவை அல்ல, இருபது தடவை. இருபது தடவையும் சத்தம் இல்லை.

பூக்களை எடுத்த வரிசையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

"போகியும் அதுவுமா எல்லாரும் சுத்தம் பண்றாங்க, நீர் மண்ணுல விளையாடிட்டு வர்றீரா?" என்றாள் சொர்ணத்தாய், அவர் கையைப் பார்த்து.

"ஆமாம்மா" என்றார் அவர்.

பொங்கலன்று இருபுறத்துப் பாறைகளிலும் ஜனம் நின்றது. மாசிலாமணி வெள்ளிக் கவசத்தைத் தாம்பாளத்தில் ஏந்தி நின்றார். சட்டநாதர் குடத்தோடு ஒரு படி பின்னால் வந்தார்.

இருபத்தைந்து. இருபத்தாறு.

விரல்கள் இறங்கின. கல்லைக் கவ்வின. குதிகால் அந்தரத்தில் காத்திருந்தது.

சத்தம் வரவில்லை.

குதிகால் இறங்கியது. பாரம் முழுவதும் இறங்கியது. கல் மலையோடு மலையாக இருந்தது.

அப்போது அம்மா ஒரு காரியம் செய்தார். ஒரு படி மேலே ஏறினார். மறுபடியும் இருபத்தேழில் இறங்கினார். மறுபடி ஏறி, மறுபடி இறங்கினார், பாண்டி ஆடும் சிறுமி மாதிரி. பிறகு இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று எங்கும் நிற்காமல், கைவீசி, தண்ணீர் வரை போய்விட்டார். அவர் அப்படி நடந்து மடத்தில் யாரும் பார்த்ததில்லை. பாறைமேல் நின்றவர்கள் தங்களை அறியாமல் கைகூப்பினார்கள். சட்டநாதரின் மங்கிய கண் இன்னும் மங்கியது.

அம்மா திரும்பி ஏறி வந்ததும் மாசிலாமணிதான் முதலில் பேசினார். "அம்மா, இன்னிக்கு நிக்கலையே! கவசம் சாத்தணுமே!"

"பன்னிரண்டு வருஷமா அந்தக் கல்லு ஆடுச்சுங்க, ஐயா. இன்னிக்கு ஆடலை."

மாசிலாமணி கையிலிருந்த கவசத்தைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீங்க பளிங்குல புதுப் படியே கட்டியிருப்பீங்க."

ஒரு பெண் பதறினாள். "அம்மா, அந்தப் படிக்குத்தானே என் மகளுக்காகப் பூ வச்சேன்?"

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. பேரனும் பொறந்தாச்சு."

"அப்புறம் என்ன?"

பாறை முழுவதும் சிரிப்பு எழுந்தது. மாசிலாமணி தாம்பாளத்தை நீட்டினார். அம்மா இரண்டு கையாலும் கவசத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாலையில் சட்டநாதர் வழக்கப்படி அறை வாசலில் வந்து கணக்குச் சொன்னார்.

"சால்வை இருபத்து மூணு. குத்துவிளக்கு நாலு. கடிகாரம் ரெண்டு. வெள்ளிக் கவசம் ஒண்ணு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அம்மா."

"ஒண்ணு விட்டுப்போச்சு."

அவர் திடுக்கிட்டார். விரல் விட்டு மறுபடி எண்ணினார். சால்வை, விளக்கு, கடிகாரம், கவசம். சரியாக இருந்தது. நிமிர்ந்தார். அம்மா பாயில் உட்கார்ந்து இடது காலை நீட்டி, குதிகாலைத் தடவிக்கொண்டிருந்தார்.

சட்டநாதர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளை மறுநாள் காலையில பஸ்ஸு அம்மா" என்றார். "இனிமே நான் இங்க இருக்கமாட்டேன்."

"போயிட்டு வாங்க, உக்கிராணத்தாரே. நான் தினமும் இறங்குவேன்."